இரண்டு பேருக்கு ஒரு வாய்

யார் எதைக் கேட்டாலும் அந்த அக்கா "ஆவட்டுங்க" என்றுதான் சொல்வார். கேட்பவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிடுவார். பாதிப் பேச்சிலேயே பதில் வந்துவிடுவதால், சிலர் கேட்க வந்ததற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துக் கேட்டுவிட்டுப் போவார்கள். பெரம்பலூரில் அவரோடு சேர்ந்து தொழில் நடத்திய நாள்களில் அந்த ஒரு சொல்லுக்கு நான் பயந்த அளவுக்குப் பாம்புக்கும் பயந்ததில்லை.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் செட்டிகுளத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எனக்குத்தான் பயம். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்க்கிற ரகம்.

அக்கா நல்ல உயரம். அவரோடு நடந்தால் நான் ஓட வேண்டியிருக்கும். கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம் கட்டியிருப்பார், அதில் மணி பார்த்து நான் கண்டதில்லை. கணவர் தவறிப் பல வருடம் ஆகியிருந்தது. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, செட்டிகுளத்தில் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். கொஞ்சம் நிலத்தில் சின்ன வெங்காயம் போடுவார், மாடு வைத்திருந்தார். பெண்களுக்கு மாட்டுத் தீவனம் தயாரிக்கக் கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெரம்பலூருக்கு வந்தார். நானும் அதற்காகத்தான் அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தேன். முதல் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து, "புளிச்சோறா? குடு" என்று எடுத்துக்கொண்டு தன் களியை என் பக்கம் தள்ளினார். அப்படித்தான் பழக்கம்.

ஒரு நாள் மதியம் பயிற்சி முடிந்து வெளியே வந்தோம். வழியில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் பெண்கள் சீர்த் தட்டுகளை ஏந்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒரு அம்மாள் மட்டும் தட்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. தட்டு ரெட்டைப்படையா நின்னுச்சுன்னு இன்னொண்ணு வச்சோம். அதத் தூக்க ஆள் இல்ல. கொஞ்சம்..."

"ஆவட்டுங்க" என்று சொல்லி அக்கா தன் பையை என் கையில் திணித்தார். மாதுளம்பழத் தட்டைத் தூக்கிக்கொண்டு நாயனத்துக்குப் பின்னால் போய்விட்டார். நான் வெளியே நின்றேன். நீங்கள் யார், எந்த ஊர், யார் வகை என்று யாராவது உள்ளே கேட்டு அவமானப்படுத்திவிடுவார்களோ என்று வாசலையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தாம்பூலப் பையோடு ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார்.

"பாயசம் நல்லா இருந்துச்சுடி. பொண்ணோட அக்காளுக்கு வளைகாப்பு வருதாம். அதுக்கும் வரேன்னு சொல்லிட்டேன்."

"அவங்க யாருக்கா?"

"அது தெரியலையே" என்றார்.

அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் மாதுளம்பழத் தட்டைத் தூக்குவதும் தொழிலைத் தூக்குவதும் ஒன்றில்லை.

பயிற்சி முடிந்ததும் சேர்ந்து தீவனத் தொழில் தொடங்கலாம் என்று பேசினோம். மக்காச்சோளத்துக்குப் பெரம்பலூரில் பஞ்சமில்லை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் தவிடும் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கும். துறையூர் ரோட்டில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தோம். தொழிலைப் பதிவு செய்ய ஆடிட்டரிடம் போனோம். அவருடைய ஆபீஸ் ஒரு ஓட்டலுக்கு மேல் மாடியில் இருந்தது. படி ஏறுகிற இடத்தில் ஓட்டல்காரர் பலகை வைத்திருந்தார். முழுச் சாப்பாட்டுக்கு ஒரு விலை, அளவுச் சாப்பாட்டுக்கு ஒரு விலை. அக்கா அதை நின்று படித்துவிட்டுத்தான் மேலே வந்தார்.

ஆடிட்டர் ஒல்லியாக இருந்தார். பேச்சும் சுருக்கம்தான். வெளியே இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"தனியா பண்றீங்களா, ரெண்டு பேரும் சேந்தா?"

"சேந்துதாங்க" என்றார் அக்கா.

"அப்ப பார்ட்னர்ஷிப் போடலாம். இல்லன்னா பிரைவேட் லிமிடெட் கம்பெனி. ரெண்டுக்கும் நடுவுல எல்எல்பின்னு ஒண்ணு இருக்கு. பார்ட்னர்ஷிப் மாதிரிதான், ஆனா அதுவும் லிமிடெட். லிமிடெட்டுக்கு வருசா வருசம் கணக்கு, தாக்கல்னு வேலை கொஞ்சம் ஜாஸ்தி. பார்ட்னர்ஷிப்ல அது கம்மி."

"லிமிடெட்டுனா என்னங்க?"

"அளவும்மா. உங்க பொறுப்பு ஒரு அளவோட நின்னுடும்."

அக்கா சிரித்துவிட்டார். "கீழ பலகையில பாத்தேன். அளவுச் சாப்பாடுன்னா ரெண்டாவது தரம் சோறு கேட்டா மொறைப்பான். ஆரம்பிக்கும்போதே அளவுன்னு பேர் வச்சா தொழில் வெளங்குமாங்க? நம்ம தீவனத்தை எந்த மாடு மதிக்கும்?"

ஆடிட்டருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. நல்ல காரியம் தொடங்குகிற நேரத்தில் 'அளவு', 'போதும்' என்றெல்லாம் வாயில் வரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அரிசிப்பானை காலியானால்கூட 'நெறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்வோம். அந்தப் பழக்கம் லிமிடெட் என்கிற சொல்லையும் அபசகுனமாக்கிவிட்டது.

"அது வேற அளவும்மா" என்றார் ஆடிட்டர். "வியாபாரத்துல ஏதோ ஆகிப்போச்சு, ஒருத்தன் கேஸ் போடுறான்னு வச்சுக்கங்க. லிமிடெட்டுனா கம்பெனி வாசலோட நின்னுடுவான். பார்ட்னர்ஷிப்புன்னா உங்க வூட்டு வாசலுக்கே வருவான்."

"வரட்டுங்களே. வூடு தேடி வந்த மனுசனுக்கு ஒரு வாய் காப்பி குடுக்காமயா அனுப்பிடுவோம்?"

என் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. வீடு என்ற சொல் காதில் விழுந்த பிறகு மற்றதெல்லாம் மங்கிவிட்டது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். அரியலூருக்கு வெளியே ஒரு மனை வாங்கி, ஒரு வருடம் ஒரு அறை, அடுத்த வருடம் சமையலறை என்று சேர்த்துச் சேர்த்துக் கட்டியது. பத்திரம் என் பெயரில். "ரோட்டுல ஓடுற பொழப்பு என்னுது. எனக்கு ஒண்ணு ஆனாலும் உனக்கும் புள்ளைக்கும் ஒரு கூரை இருக்கணும்" என்று அவர் சொல்லித்தான் அப்படி எழுதியது. எங்களுக்கு வேறு சொத்து என்று எதுவும் கிடையாது.

நான் தயங்கித் தயங்கி ஆடிட்டரிடம் கேட்டேன். "அக்கா எங்கயாவது ஒண்ணு பேசிட்டா, அது எனக்கும் சேருங்களா?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தொழில் விசயத்துல அவங்க சரின்னு சொன்னா நீங்களும் சொன்ன மாதிரிதாம்மா. பார்ட்னர்ஷிப்புன்னா ரெண்டு பேருக்கு ஒரு வாய்."

அக்கா என் முதுகில் தட்டினார். "என்னடி முழிக்கிற? எம்மேல நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். இறங்கி வந்து அக்கா முழுச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தார். நான் பாதியிலேயே இலையை மூடிவிட்டேன்.

அன்றிலிருந்து நான் வாயைத் திறக்காமலேயே ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். அக்காவின் போன் அடித்தால் செய்கிற வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். அந்தப் பக்கம் யார், என்ன கேட்கிறார் என்று தெரியாது. இந்தப் பக்கம் "ஆவட்டுங்க" மட்டும் கேட்கும். ஜெயங்கொண்டத்துக் கடைக்காரர், விற்காத மூட்டையை எலி கடித்திருந்தாலும் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஆவட்டுங்க. பக்கத்து டீக்கடைக்காரர் காலி சிலிண்டரைக் கொட்டகையில் வைத்துக்கொள்ளட்டுமா என்றார். ஆவட்டுங்க. ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுச் சுவர் கொஞ்சம் நகர்வது போல எனக்கு இருக்கும்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் அவரைச் சொன்னதாகாது. வெடிக்கடை போடுகிற ஒருவர் வந்து, கடை போட இடம் கிடைக்கும் வரை பெட்டிகளை எங்கள் கொட்டகையில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நான் காலையில் போய்ப் பார்த்தால் அரவை மிஷினுக்கும் தவிட்டு மூட்டைக்கும் நடுவில் வெடிப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. மிஷினைப் போடவே கூடாது என்று மெயின் சுவிட்சை அணைத்தேன். ரோட்டோரப் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்து, பீடியோடு வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டுக் கும்பிட்டு அந்தப் பக்கமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆள் வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் எழுந்தேன்.

"இதுக்குப் போயி ஒரு நாள் பொழப்பைக் கெடுத்துட்டியே" என்றார் அக்கா. "வெடிக்கலைல்ல?"

"வெடிச்சிருந்தா?"

"வெடிச்சிருந்தா அப்ப பாத்துக்கலாம்டி. வராத வெள்ளத்துக்கு இன்னிக்கே வேட்டிய மடிச்சுக் கட்டுவியா?"

அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் நிலைக்காது. அந்த ஆவட்டும் எனக்கும்தானே இருந்தது. என் மகளுக்குக் காய்ச்சல் முற்றிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, என் வீட்டுக்காரர் லோடோடு எங்கேயோ இருந்தார். அக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, கொஞ்சம்..." என்பதற்குள் அந்தச் சொல் வந்துவிட்டது. வெங்காயம் அறுவடைக்கு ஆள் நிறுத்தியிருந்தவர் அதை அப்படியே விட்டுவிட்டு வந்தார். மகள் வீடு திரும்பும் வரை கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில்தான் படுத்திருந்தார். அந்த அறையில் இருந்த எல்லா நோயாளிகளுக்கும் வெந்நீர் வாங்கி வந்து கொடுத்ததும் அவர்தான்.

அங்கே வைத்துத்தான் ஒரு தரம் கேட்டேன். "ஏங்க்கா யாருக்கும் மாட்டேன்னு சொல்ல மாட்டேங்கறீங்க?"

கையிலிருந்த வெந்நீர்ச் சொம்பை இறக்கி வைத்தார். "ஒருத்தர் வாயத் தொறந்து கேக்கறதுக்கு முன்னாடி, கேக்கலாமா வேணாமான்னு எவ்ளோ தவிச்சிருப்பாங்க. அவ்ளோ தூரம் வந்துட்டவங்கள எப்படிடி திருப்பி அனுப்பறது?" என்றார்.

அவரை எனக்குப் பிடித்திருந்தது. அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பதை நினைத்தால் மட்டும் ராத்திரி தூக்கம் வராது. இரண்டும் சேர்ந்துதான் இருந்தன.

பிறகு அந்த மழை வந்தது. மக்காச்சோளம் அறுத்து ரோட்டில் காயப்போட்டிருந்த நேரம். எங்கள் பக்கத்தில் தார் ரோடுதான் களம், பாதி ரோட்டில் சோளம் கிடக்கும், பாதி ரோட்டில் பஸ் போகும். நாலைந்து நாள் விடாமல் பெய்ததில் அள்ள முடிந்தவர்கள் அள்ளினார்கள், முடியாதவர்களின் சோளம் நனைந்து ஊறிப்போனது. வியாபாரிகள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு விவசாயி தன் மனைவியோடு எங்கள் கொட்டகைக்கு டிராக்டரில் சோளம் கொண்டுவந்தார். இரண்டு பேரும் இறங்கி ஓரமாக நின்றார்கள். நான் ஒரு பிடி எடுத்து முகர்ந்தேன். பூசண வாடை. ஒரு மணியைக் கடித்தால் நசுங்கியது. முளைப் பக்கம் சாம்பல் நிறம் ஓடியிருந்தது.

"வேணாங்க்கா. பூசணம் புடிச்சிருக்கு. பயிற்சியிலயே சொன்னாங்கள்ல" என்றேன்.

அந்த விவசாயி என் பக்கம் திரும்பவில்லை. அக்காவைப் பார்த்து, "எங்கயும் எடுக்க மாட்டேங்கறாங்கம்மா. நீங்கதான்..." என்றார். அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா அந்த முகத்தையே பார்த்தார்.

"ஆவட்டுங்க. இறக்குங்க" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி, "நல்ல வெயில்ல காய வச்சா சரியாயிடும்டி" என்றார்.

காய வைத்தோம். தார்ப்பாய் விரித்துக் கிளறிக் கிளறிக் காய வைத்தோம். வாடை போய்விட்டது போலத்தான் இருந்தது. அரைத்துக் கலந்து மூட்டை கட்டினோம். அந்த மூட்டைகள் அரும்பாவூருக்குப் போயின. கறவை மாடு வைத்திருக்கிற ஒரு தெருக்காரர்கள் மொத்தமாக வாங்குவார்கள்.

கொஞ்ச நாளில் அங்கிருந்து போன் வந்தது. மாடுகள் தீனியைத் தொடவில்லை, பால் இறங்கிவிட்டது. அடுத்த போனில் ஒரு சினை மாடு மாதம் நிறைவதற்குள் கன்று வீசிவிட்டது என்றார்கள். அதற்கடுத்து ஒரு மாடு படுத்துவிட்டது, எழவில்லை என்றார்கள். மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தீவனம்தான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு, ஒரு பையில் எடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தார். ஊர்க்காரர்கள் எங்களை வரச் சொன்னார்கள்.

நான் ஆடிட்டருக்குப் போன் செய்தேன். "லேப் ரிசல்ட் வர்ற வரைக்கும் எதையும் ஒத்துக்காதீங்கம்மா" என்றார். "ரிசல்ட் வரட்டும்னு மட்டும் சொல்லுங்க. ஒரு பார்ட்னர் ஒத்துக்கிட்டா அது ரெண்டு பேருக்கும் எதிரா நிக்கும்."

தீவனம் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் இரண்டு பேரும் போனோம். வழியெல்லாம் நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"அக்கா, எங்கிட்ட இருக்கறது அந்த வூடு ஒண்ணுதான். அவரு அதுல ரத்தத்த ஊத்தியிருக்காரு. நீங்க ஒண்ணும் பேசாதீங்க. ரிசல்ட் வரட்டும்னு சொல்லுங்க போதும்."

"சரிடி" என்றார். ஜன்னல் வழியாகப் பச்சைமலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். 'ஆவட்டும்' என்று சொல்லவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

பால் ஊற்றுகிற இடத்துக்கு முன்னால் கூடியிருந்தார்கள். சத்தம் போடுவார்கள், அடித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். யாரும் சத்தம் போடவில்லை. படுத்த மாடு அன்று காலையில் செத்துப்போயிருந்தது. அதன் சொந்தக்காரர், நடுத்தர வயசு இருக்கும், தும்புக்கயிற்றைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"உங்க தீவனந்தானாம்மா இது?" என்று மட்டும் கேட்டார்.

நான் அக்காவின் முதுகைத் தொட்டேன். அக்கா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க தீவனந்தான். நனைஞ்ச சோளம்னு தெரிஞ்சுதான் வாங்குனேன். நாந்தான் கலந்தேன்."

ஒரு வாய் பேசிவிட்டது, இரண்டு பேரும் பேசியாகிவிட்டது. சமையலறை, மகள் படிக்கிற அறை, வாசல் படி எல்லாம் என் கண் முன்னால் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இன்று சாயங்காலம் வெள்ளைப் புருவத்தோடு வந்து நிற்கப் போகிறவரிடம் என்ன சொல்வேன் என்றுதான் நினைத்தேன். செத்த மாட்டை நினைக்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர் என்னைக் காட்டி, "இந்தம்மாவும் கூட்டாளிதான?" என்றார்.

"நானும்..." என்று தொடங்கினேன்.

"அவ சம்பளத்துக்கு இருக்கற புள்ள" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பினார். "இங்க என்ன வேடிக்கை? போயி வண்டில உக்காரு."

கூலிக்கு வந்தவளை விரட்டுகிற அதே குரல். அத்தனை நாளில் ஒரு தரம்கூட அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. என் கால்கள் தாமாகவே வண்டிக்கு நடந்தன. கண்ணாடி வழியாக, அக்கா கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசுவதும், கயிற்றோடு நின்றவர் தலையைக் குனிந்துகொள்வதும் தெரிந்தன.

திரும்பி வரும்போது, "செட்டிகுளத்து வூட்ட வித்துத் தரேன்னு சொல்லிட்டேன்" என்றார். "உன் பேச்சே வரல. இனிமே உன் வூட்டுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. தூங்குடி."

லேபிலிருந்து பூசண நச்சு என்றே பதில் வந்தது. அக்கா சொன்னபடி வீட்டை விற்றார், கூடவே அந்த வெங்காய நிலத்தையும். மாடு போனவர்களுக்கும் பால் போனவர்களுக்கும் கொடுத்தார். நான் வளையலைக் கழற்றிக் கொண்டுபோனேன். "பொம்பளப் புள்ள வச்சிருக்க" என்று திருப்பி என் கையிலேயே மாட்டிவிட்டார். கொட்டகையைக் காலி செய்தோம். கூட்டுத் தொழிலைக் கலைக்கக் கையெழுத்துப் போடப் போனபோது, அக்கா கீழே நிற்கிற நேரமாகப் பார்த்து ஆடிட்டரிடம் கேட்டேன்.

"சம்பளத்துக்கு இருக்கற புள்ளைன்னு அக்கா சொல்லிட்டாங்க. அப்ப எனக்கு ஒண்ணும் வராதுல்ல சார்?"

"அது சட்டத்துல நிக்காதும்மா" என்றார். "அவங்க சொன்னதால நீங்க பார்ட்னர் இல்லன்னு ஆயிடாது. நடந்தது நடந்தப்ப நீங்க இருந்தீங்க. யாராவது கேஸ் போட்டிருந்தா உங்க வூடும் சேந்துதான் வந்திருக்கும். அரும்பாவூர்க்காரங்க அந்தம்மா பேச்சை எடுத்துக்கிட்டாங்க. அவ்வளவுதான்."

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. ஒரு பொய்யைச் சொல்லி என் வீட்டைச் சுற்றிச் சுவர் கட்டிவிட்டதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். அது காற்றில் கட்டிய சுவர் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதன் பிறகு வாசலில் முன்பின் தெரியாதவர் யார் நின்றாலும் அரும்பாவூர்க்காரரோ என்று பதறுவேன். தபால்காரர் சைக்கிளை நிறுத்தினால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன். கரண்ட் கணக்கெடுக்க வந்தவரிடம் ஒரு நாள், "வீட்டுல யாரும் இல்லைங்க" என்று நானே ஜன்னலுக்குள்ளிருந்து சொல்லியிருக்கிறேன்.

அக்கா மகளோடு இருக்கத் திருப்பூர் போவதாகச் செய்தி வந்தது. போகிற அன்று, சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை, தோளில் ஒரு பை. அத்தனை பழக்கத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரம்பலூரிலேயே பார்த்து, பெரம்பலூரிலேயே பிரிந்துவிடுவோம். திருப்பூர் போகிறவருக்கு அரியலூர் வழியே இல்லை, எதிர்த் திசை.

"வாங்கக்கா" என்றேன். உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒவ்வொரு அறையாக மெதுவாகப் போய்ப் பார்த்தார். மகளின் மேசையைப் பார்த்தார். சமையலறையில் நின்று, "வெளிச்சம் நல்லா வருது" என்றார். பின்பக்கம் போய் நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"மாடி எடுக்கக் கம்பி விட்டிருக்காரா?"

"விட்டிருக்காருக்கா."

"நல்லது. எடுங்க" என்றார்.

வெளிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையில் ஒட்டிய வெள்ளைத் தூசியைச் சேலையில் துடைத்துக்கொண்டார். தண்ணீர் கேட்டு ஒரு சொம்பு முழுவதையும் குடித்தார். இனி அவருக்கென்று ஒரு வீடு இல்லை. நான் சொம்பை வாங்கிக்கொண்டு சட்டென்று ஒதுங்கி நின்றேன். எதற்காக என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் ஏதாவது கேட்டுவிடுவாரோ, இங்கேயே ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அவரைப் போல 'ஆவட்டும்' என்று என்னால் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

முறைக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நனைந்த சோளத்தோடு வந்த அந்த மனைவியையும், கயிற்றோடு நின்றவரையும் பார்த்த அதே பார்வைதான். நான் வாயைத் திறந்து கேட்காததும் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"பஸ்ஸுக்கு நேரமாயிடும்டி. போயிட்டு வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டார். வழக்கமான வேகத்தில் நடந்து போனார். லாரிகள் கிளப்பிய புழுதிக்குள் அவர் தலை மறைகிற வரை நின்று பார்த்தேன். பிறகு உள்ளே வந்து, பட்டப்பகலில், கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.